நான்கா, ஆறா? வைவாவில் நான் திணறிய பாடம்

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. விலங்கியல் படித்தபோது, கடலுயிர்களில் கிடைக்கும் இரத்த உறைவுத் தடுப்பான்களைப் பெயர்ப் பட்டியலாகவே உருப்போட்டேன். கடல் அட்டை, மட்டி, இறால், அசிடியன் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வந்தது ஒரே கேள்வி: "இதெல்லாம் எந்த இடத்துல போயி உறைவைத் தடுக்குதும்மா?" "எல்லாமே ஹெப்பாரின் மாதிரிதான் சார்" என்று, மருத்துவமனையில் தரும் உறைவுத் தடுப்பு மருந்தின் பெயரைச் சொன்னேன். மதிப்பெண் அங்கேயே போய்விட்டது.

அதன்பிறகு படிக்கும் முறையை மாற்றினேன். இரத்தம் உறையும் படிகளை முதலில் ஒரு தாளில் முழுதாக வரைவேன். எந்தப் பொருள் எந்தப் படியை மறிக்கிறதோ, அதன் பெயரை அங்கேயே எழுதுவேன். 1916இல் நாயின் கல்லீரலில் கண்டறியப்பட்ட ஹெப்பாரின், இரத்தத்திலுள்ள ஆன்டித்ராம்பின் என்னும் புரதத்தைத் தூண்டி, உறைவை உண்டாக்கும் த்ராம்பினையும் பத்தாம் காரணியையும் (காரணிகள் என்பவை உறைதலில் படிப்படியாக வேலை செய்யும் இரத்தப் புரதங்கள்) அடக்குகிறது. கடல் அட்டையின் உடற்சுவரில் உள்ள ஃபியூகோஸ் என்னும் சர்க்கரையைக் கிளையாகக் கொண்ட காண்ட்ராய்டின் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிக்கு ஆன்டித்ராம்பினின் துணை கட்டாயமில்லை. எட்டாம், ஒன்பதாம் காரணிகள் சேர்ந்து அமைக்கும் டெனேஸ் என்னும் நொதிக் கூட்டையே அது தடுக்கும். அதனால்தான் இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் இரு சோதனைகளில், டெனேஸ் இருக்கும் பாதையை அளக்கும் ஏ.பி.டி.டி.யில் நேரம் நன்றாக நீள்கிறது, வேறு பாதையை அளக்கும் பி.டி.யில் பெரிதாக மாறுவதில்லை. இந்த ஒரு வரியை எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து பார்ப்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது அசிடியன். படகின் அடியிலும் துறைமுகத் தூண்களிலும் ஒட்டி வளரும் பை போன்ற உயிர். ஸ்டைலா ப்ளிகாட்டா, ஃபலூசியா நைக்ரா என்னும் இரு அசிடியன் இனங்களிலுமே டெர்மட்டான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. முதலாவதில், சங்கிலியிலுள்ள கேலக்டோசமீன் சர்க்கரையின் நான்காம் கார்பனில் சல்ஃபேட். அது ஹெப்பாரின் துணைக்காரணி-II என்னும் இரத்தப் புரதத்தை வலுவாகத் தூண்டி த்ராம்பினை அடக்குகிறது. மற்றதில் ஆறாம் கார்பனில். அந்தத் திறன் மிகக் குறைவு. சர்க்கரைச் சங்கிலி ஏறக்குறைய ஒன்றுதான், சல்ஃபேட் உட்காரும் இடம்தான் வேறு. இதை விளங்கிக்கொண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொன்று. விடைத்தாளில் "இரத்தத்தை நீர்க்கச் செய்யும்" என்று எழுதாதீர்கள். பேச்சில் சொல்லலாம், உண்மையில் இரத்தம் நீர்ப்பதில்லை, உறைவதுதான் தாமதமாகிறது.

புராஜெக்டுக்குக் கடல் அட்டை வேண்டுமென்று உவரியில் மீன்பிடிக்கும் என் சித்தப்பாவிடம் கேட்டேன். 2001 முதல் அதைப் பிடிக்கச் சட்டம் தடை விதித்திருப்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "அத தொடாத மக்ளே, மட்டி வேணும்னா எவ்வளவும் தாரேன்" என்றார். மட்டியில்தான் செய்தேன்.