விருந்தும் மருந்தும் மூன்று நாள், எனக்கு ஆறு மாதம்

டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி முதலில் கேட்டது, எதற்காக வந்தீர்கள் என்று. கணவரைப் பார்க்க என்றேன். அடுத்து, எத்தனை நாள் தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பதில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஆறு மாதம் என்பது ஒன்று. ஆயுள் முழுக்க என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மை.

எங்கள் திருமணம் 2022 நவம்பரில் நடந்தது. பெரியம்மா பார்த்துச் செய்து வைத்தது. கணவர் கனடியக் குடிமகன், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வேலை. கல்யாணம் முடிந்து மூன்று வாரத்தில் அவர் திரும்பிவிட்டார். 2023 மார்ச்சில் நிரந்தர வதிவிடத்துக்கு, அதாவது பி.ஆருக்கு, என்னை ஸ்பான்சர் செய்து இணையத்தில் விண்ணப்பித்தோம். ஏஜென்ட் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. அன்றைய கட்டணம் ஸ்பான்சருக்கு 75, என் விண்ணப்பத்துக்கு 490, வதிவிட உரிமைக்கு 515, ஆக மொத்தம் 1,080 டாலர். பயோமெட்ரிக்குக்கு, அதாவது கைரேகைப் பதிவுக்கு, தனியாக 85.

மனைவியை ஸ்பான்சர் செய்ய இவ்வளவு சம்பளம் வேண்டும் என்று பொதுவாக வரம்பு கிடையாது. ஆனால் எனக்கு பி.ஆர். கிடைக்கும் நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு என் செலவுக்குத் தானே பொறுப்பு என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். இடையில் நாங்கள் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. அதைப் படித்துவிட்டு, "தாலியைவிட இது கெட்டி முடிச்சாக இருக்கிறதே" என்றார்.

படிவங்களில் அதிக நேரம் தின்றது உறவைப் பற்றிய கேள்வித்தாள்தான். எப்போது முதலில் சந்தித்தீர்கள், யார் அறிமுகப்படுத்தினார்கள், திருமணச் சடங்கு நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போகிறது. காதலித்து மணந்தவர்களுக்கு எழுத ஒரு கதையாவது இருக்கும். எங்களுக்கோ முதல் சந்திப்பு இருபது நிமிடம், அதில் பதினைந்து நிமிடம் மாமாவே பேசினார். அதை அப்படியே எழுதினோம். கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை.

கல்யாண ஆல்பத்திலிருந்து இருபது படங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்று எழுதினேன். ஒரு படத்தில் என் கழுத்துக்குப் பின்னால் குனிந்து தாலியை முடிந்துகொண்டிருப்பவள் என் நாத்தனார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மீதி இரண்டையும் அவர் தங்கை போடுவது எங்கள் வழக்கம். இந்தப் படத்தைப் பார்க்கும் அதிகாரி யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று நினைப்பார்? அதற்கு மட்டும் நான்கு வரி விளக்கம் எழுத வேண்டியிருந்தது. படத்தையே எடுத்துவிடலாம் என்றார் அவர். அந்த ஒரு படத்தில்தான் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், அதனால் விடவில்லை.

ஏப்ரலில் ஏ.ஓ.ஆர். வந்தது. விண்ணப்பம் கைக்கு வந்து சேர்ந்தது, எண் இது என்று சொல்லும் கடிதம் அது. வெறும் ரசீதுதானே என்று நினைத்தேன். பின்னால் எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்டார்கள். மே மாதம் சென்னையில் கைரேகை கொடுத்தேன். அதன் பிறகு வேலை ஒன்றும் இல்லை, காத்திருப்பதுதான்.

இப்படிக் காத்திருக்கும்போதே அங்கே போய் இருக்க முடியுமா என்பதுதான் அந்த மாதங்களில் வீட்டில் ஓயாத பேச்சு. முடியும். கனடாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிப்பது ஒரு வழி, உள்ளே இருந்துகொண்டு விண்ணப்பிப்பது இன்னொரு வழி. வெளியிலிருந்து விண்ணப்பித்தவர் விசிட்டராகப் போய்த் தங்கலாம், நடுவில் ஊருக்கு வந்தும் போகலாம், விண்ணப்பம் அதன்பாட்டில் நகரும். மறுத்துவிட்டால் மேல்முறையீடு செய்யும் உரிமையும் ஸ்பான்சருக்கு இந்த வழியில் உண்டு, உள்வழியில் இல்லை. நான் அப்போது இந்தியாவில் இருந்ததால் யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

ஆனால் விசிட்டர் விசா என்றாலே, திரும்பிப் போய்விடுவேன் என்று நம்ப வைக்க வேண்டும். நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பம் போட்டுவிட்டு, திரும்பிவிடுவேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? குடிவரவுச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருப்பதாலேயே ஒருவர் தற்காலிகமாக வரக்கூடாது என்று ஆகாது, அனுமதித்த காலம் முடிந்தால் கிளம்பிவிடுவார் என்று அதிகாரிக்குத் தோன்றினால் போதும் என்கிறது. ஆகவே பி.ஆர். விண்ணப்பத்தை மறைக்கவில்லை. கடிதத்தின் முதல் பத்தியிலேயே எண்ணோடு குறிப்பிட்டேன். மறுத்தாலோ காலம் முடிந்தாலோ திரும்பிவிடுவேன் என்றும் எழுதினேன். மறைப்பது நல்லது என்று உறவினர் ஒருவர் ஆலோசனை சொன்னார். அது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. இரண்டு விண்ணப்பமும் ஒரே துறைக்குத்தானே போகிறது!

நல்ல வேளையாக, அந்த 2023 மே மாத இறுதியில்தான் இப்படிக் காத்திருக்கும் கணவன் மனைவியரின் விசிட்டர் விசாக்களைத் தனியாகக் கவனித்து, பெரும்பாலானவற்றை 30 நாட்களுக்குள் முடிப்பதாக அறிவித்தார்கள். ஜூனில் விண்ணப்பித்தேன், ஜூலையில் விசா வந்துவிட்டது.

ஆகஸ்ட் 19. திணறிக்கொண்டு நின்றேன் என்றேனே, கடைசியில் இரண்டு பதிலையும் சொல்லிவிட்டேன். "ஆறு மாதம். பி.ஆர். விண்ணப்பமும் நடந்துகொண்டிருக்கிறது." அதிகாரி என்னைத் தனி அறைக்கு அனுப்பினார். அங்கே வேறொருவர் திரும்பும் டிக்கெட், மருத்துவக் காப்பீடு, ஏ.ஓ.ஆர். கடிதம் மூன்றையும் வாங்கிப் பார்த்தார். பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. கல்யாணச் சாப்பாடு எப்படி இருந்தது என்றுகூடக் கேட்டார். முத்திரை குத்தினார். தேதி எழுதவில்லை. தேதி எழுதாத முத்திரைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று கணக்கு. 2024 பிப்ரவரி 19 வரை நான் விருந்தாளி.

விருந்தாளி என்றால் உண்மையாகவே விருந்தாளி. வேலைக்குப் போகக்கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும், சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையாக இருந்தால் அதுவும் வேலைதான். பக்கத்துக் கடைக்காரர் அன்பாகக் கல்லாவில் வந்து உட்காரச் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். மத்திய அரசு இலவசமாக நடத்தும் ஆங்கில வகுப்பும் விசிட்டருக்குக் கிடையாது. மாநில மருத்துவக் காப்பீடு கிடையாது, இருந்தாலும் அது பல் வைத்தியத்துக்குப் பெரும்பாலும் உதவாது, செப்டம்பரில் கடைவாய்ப் பல் வலித்தபோது கிராம்பை வைத்துக்கொண்டு சமாளித்தேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்கு மாணவர் அனுமதி தேவையில்லை என்பதால் கணக்கு மென்பொருள் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். மற்ற நேரமெல்லாம் நூலகம்.

வீட்டிலும் நிலைமை கிட்டத்தட்ட அதுவேதான். வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லை. மின்சார ரசீதில் இல்லை. வந்த புதிதில் மிளகாய்ப் பொடி டப்பாவை எங்கே வைப்பது என்று அவரைக் கேட்டுத்தான் வைத்தேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே மே மாத அறிவிப்பில் இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது. வெளியிலிருந்து விண்ணப்பித்திருந்தாலும், கனடாவில் முறையான அனுமதியோடு ஸ்பான்சருடன் ஒரே முகவரியில் வசிப்பவர்கள் ஏ.ஓ.ஆர். கடிதத்தைக் காட்டி, எந்த முதலாளியிடமும் வேலை செய்ய உதவும் திறந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 255 டாலர். செப்டம்பர் கடைசியில் போட்டேன். ஆறு மாதக் கெடு முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு தெரியும்வரை விசிட்டர் என்கிற நிலை தொடரும் என்பதும் ஒரு தெம்பு. ஆனால் நாட்டை விட்டு வெளியே போனால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

அக்டோபரில் மருத்துவப் பரிசோதனைக்குக் கடிதம் வந்தது. எந்த டாக்டரிடமும் போக முடியாது, அவர்கள் பட்டியலில் உள்ளவரிடம்தான். ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே என்று அரை நாளில் முடிந்தது. முடிவுகளை அந்த டாக்டரே அனுப்பிவிடுகிறார்.

நவம்பரில் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். தவறு முழுக்க என்னுடையது. பத்து ஆண்டுகளில் எங்கே என்ன செய்தேன் என்று மாதவாரியாக எழுதும் படிவத்தில், 2018இல் ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேருவதற்கு இடையே இரண்டு மாதத்தைக் காணோம். அந்த இரண்டு மாதமும் வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்ததை எழுதுவானேன் என்று விட்டிருந்தேன். சும்மா இருந்தாலும், "வேலையில்லை, இந்த முகவரியில் வீட்டில்" என்று எழுதியே ஆக வேண்டும். பதில் அனுப்ப 30 நாள் கொடுத்திருந்தார்கள், மறுநாளே அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிரவு கட்டிலில் உட்கார்ந்து மற்ற எல்லா மாதத்தையும் விரல் விட்டு எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அழைப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வந்துவிட்டதா?" வரவில்லை என்றால், "அவர்களுக்கு என்ன கஷ்டமாம்?" என்பார், ஏதோ பக்கத்து வீட்டில் அரைப்படி அரிசி கைமாற்றுக் கேட்டுத் தர மறுத்துவிட்டதைப் போல. நானும் இணையத்தில் விண்ணப்பக் கணக்கைத் திறந்து திறந்து பார்ப்பேன். பின்னணிச் சரிபார்ப்பு என்ற வரிக்கு எதிரே மாதக்கணக்கில் ஒரே வாசகம். நாளுக்கு ஒரு முறைக்கு மேல் பார்ப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அவர் அதை அலுவலகத்தில் மீறினார், நான் நூலகத்தில் மீறினேன்.

டிசம்பரில் தம்பிக்கு நிச்சயதார்த்தம். வெளிவழி விண்ணப்பமாயிற்றே, போகலாம். பலமுறை வந்து போகும் விசாவும் கையில் இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது உள்ளே விடுவது அந்த நேரத்து அதிகாரியின் முடிவு, அதோடு வேலை அனுமதி வேறு பாதியில் நின்றது. போகவில்லை. தம்பி இரண்டு மாதம் பேசவில்லை. இப்போது நினைத்தால், போயிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. பயத்தில் எடுத்த முடிவு அது.

ஜனவரியில் வேலை அனுமதி வந்தது. மறு வாரமே, வேலைக்குச் சேர வேண்டிய சமூகக் காப்பீட்டு எண் வாங்கினேன். தற்காலிகமாக இருப்பவர்களுக்கு அது 9இல் தொடங்கும். எண்ணைப் பார்த்தவுடனே ஆள் யார் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அவருக்குச் சட்டை வாங்கினேன், எனக்கு ஒரு மிக்ஸி.

2024 ஏப்ரல் ஆரம்பத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மின்னஞ்சல். நீங்கள் இப்போது கனடாவுக்குள் இருக்கிறீர்களா, முகவரி என்ன என்று கேட்டிருந்தது. வெளியே இருந்தால் பாஸ்போர்ட்டை அனுப்பி, பிறகு பயணம் செய்து எல்லையில் முடிக்க வேண்டும். உள்ளே இருந்தால் எல்லாம் இணையத்திலேயே முடிந்துவிடும். ஆம் என்று பதில் அனுப்பினேன். சில நாளில் இரண்டாவது அஞ்சல் வந்தது, புகைப்படம் கேட்டு. வீட்டிலேயே வெள்ளைச் சுவர் முன் எடுத்து ஏற்றினோம். காதருகே நிழல் விழுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுமுறை ஜன்னலோரமாக நிற்க வைத்து, எதிர்ப்பக்கம் அவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட்டார். கல்யாண வேட்டி. அந்தப் படத்தைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

ஏப்ரல் 22 அன்று, பி.ஆர். கிடைத்ததை உறுதி செய்யும் பத்திரம் வந்துவிட்டது. ஒரு பக்கம்தான். தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது என் முகம்.

நாங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்தில் மருத்துவக் காப்பீட்டுக்கு முன்பு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே அந்த வாரமே சுகாதார அட்டைக்காக வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண் தட்டச்சு செய்துகொண்டே, "கனடாவுக்கு எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டார். நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். ஆகஸ்ட் என்பதா, ஏப்ரல் என்பதா என்று அவருக்கும் தெரியவில்லை.