களவாகக் கப்பலேறியவனும் எங்கள் எட்டாம் வகுப்பும்

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் பரிசளிப்பு விழாக்களைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். பின்னர், 1970களின் நடுப்பகுதியில் ஒரு மாரிகாலத்தில், மைதானம் முழங்காலளவு வெள்ளத்தில் கிடந்ததைச் சாட்டாக வைத்து, விளையாட்டுக்குரிய பாடவேளைகளையெல்லாம் தம்முடையதாக்கிக்கொண்ட எங்கள் புவியியல் ஆசிரியர் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. அந்த வாங்குகளில் இருந்து அதைக் கேட்டவர்களில் சிலராவது இந்த மலரை வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கதை, அந்தாட்டிக்கக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடக்கப் புறப்பட்ட எர்னெஸ்ட் ஷாக்கிள்டனின் பயணம். ஆனால் சேர் அதை ஷாக்கிள்டனில் தொடங்கவில்லை. ஓர் அலுமாரிக்குள் தொடங்கினார். 1914 ஒக்டோபரில், எண்டூரன்ஸ் என்ற கப்பல் புவனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் நிற்கிறது. பேர்ஸ் பிளாக்பரோ என்ற பொடியன், வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரத்தவன், தான் வேலை செய்த கப்பல் உருகுவேக் கரையருகே தரைதட்டியதால் பிழைப்பிழந்து அங்கே அலைகிறான். கூட வந்த பேக்வெல்லுக்கு எண்டூரன்ஸில் வேலை கிடைக்கிறது; இவனுக்கு வயதும் அனுபவமும் போதாதென்று மறுத்துவிடுகிறார்கள். பேக்வெல்லும் ஹவ் என்ற இன்னொரு மாலுமியும் சேர்ந்து அவனை உடுப்புகள் வைக்கும் அலுமாரிக்குள் ஒளித்துவைக்க, கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்கிறது.

இந்த இடத்தில் கடைசி வாங்கிலிருந்து ஒருவன் "கள்ளத்தோணி" என்றான். வகுப்பு சிரித்தது. சேர் வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, மழைச்சத்தத்துக்கு மேலாகக் கேட்கும்படி, எங்கள் நாட்டில் அந்தச் சொல்லால் யார் யாரை ஏசுகிறார்கள் என்பதை நாங்கள் அறிவோம் என்றும், இந்த வகுப்பில் அது வேண்டாம் என்றும் சொன்னார். "களவாக ஏறியவன் என்று சொல்லுங்கள், அது போதும்" என்று முடித்துக்கொண்டு கதைக்குத் திரும்பினார். அன்று முதல் நான் வேறு சொல் பாவிப்பதில்லை.

கப்பல் கடலில் மூன்று நாள் ஓடியபின் பையன் பிடிபட்டான். ஷாக்கிள்டன் அவனை எல்லோருக்கும் முன்னால் ஏசித் தீர்த்து, இப்படியான பயணங்களில் பட்டினி வருவதுண்டு, வந்தால் களவாக ஏறியவனைத்தான் முதலில் சாப்பிடுவோம் என்றாராம். உங்களில்தான் இறைச்சி கூட இருக்கிறது என்று பையன் பதில் சொன்னானாம். சொற்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறினாலும் இந்தச் சம்பவம் எல்லாவற்றிலும் வருகிறது. பின்னர் அவனைச் சமையற்காரர் கிறீனுக்கு உதவியாக விட்டார்கள். 27 பேருடன் போயிருக்க வேண்டிய கப்பல் 28 பேருடன் போனது.

கதையின் மூன்றாம் நாள் எங்கள் வகுப்பிலும் ஒரு கணக்குப் பிழைத்தது. இடாப்பில் 37 பெயர். வாங்குகளில் 38 தலை. 'பி' பிரிவில் ஆசிரியர் லீவு என்பதால், அங்கிருந்து ஒருவன் முதல் நாளே வந்து கடைசி வாங்கில் குனிந்திருந்து கதை கேட்டிருக்கிறான். சேர் அவனை எழுப்பி நிறுத்தி, "பட்டினி வந்தால் என்ன நடக்கும் தெரியுமோ தம்பி?" என்று கேட்டார். "என்னிலை எலும்புதான் சேர் இருக்கு" என்றான் அவன். அது உண்மையும்கூட. அன்று தேசப்படம் மாட்டும் ஆணி கழன்றிருந்தது. கதை முடியும்வரை படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவனுக்கு விதிக்கப்பட்ட வேலை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி அவன் பிடித்தால், அந்தாட்டிக்காவின் வெடல் கடல் சரியாக அவனுடைய இடுப்புப் பட்டிக்கு நேரே வரும். சேரின் பிரம்பு அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் அவன் நெளிவான்.

1915 ஜனவரியில் கப்பல் அந்தக் கடலின் பனிக்கட்டியில் இறுகியது; பத்து மாதம் பனியோடு பனியாக மிதந்தது; ஒக்டோபர் 27ஆம் திகதி, நொறுங்கிக்கொண்டிருந்த அதைக் கைவிட்டு எல்லோரும் பனிமேல் இறங்கினார்கள்; நவம்பர் 21ஆம் திகதி அது தாழ்ந்தது. இவற்றைச் சேர் விரைவாகவே கடந்தார். படகுகளுக்கு வந்ததும் கதை மெதுவானது. ஜேம்ஸ் கெயர்ட் என்ற படகின் நீளம் 22 அடி 6 அங்குலம் என்று சொல்லி, அடிக்கோலைக் கொண்டுவரச் செய்து, விறாந்தையில் வெண்கட்டியால் அதை அளந்து வரைந்தார். இந்தச் சிறிய படகில்தான் ஷாக்கிள்டனும் வேறு ஐவரும் 1916 ஏப்பிரல் 24ஆம் திகதி, மற்றவர்களை எலிபன்ட் தீவில் விட்டு உதவி தேடிப் புறப்பட்டு, உலகத்தின் மிகக் கெட்ட கடலில் ஏறத்தாழ 800 கடல் மைல் ஓடித் தென் ஜோர்ஜியாத் தீவை அடைந்தார்கள். நாங்கள் ஆறு பேர் அந்தக் கோட்டுக்குள் குந்தினோம். தேசப்படம் பிடித்தவனும் ஓடிவந்து கால் வைத்தான். சேர் அவனை வெளியே இழுத்தார். "பிளாக்பரோ இந்தப் படகில் போகவில்லை. நீர் உள்ளே போய், கவிழ்த்த மேசைக்குக் கீழே படும்."

அவன் முகம் கறுத்தது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு முழுப் பாடவேளைகளைச் சேர் அந்த மேசைக்குக் கீழேதான் செலவழித்தார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கதையில் எனக்கு மிகத் தெளிவாக நிற்கும் பகுதியும் அதுதான். பெரும்பாலான சிறுவர் கதைகள் படகோடு போய்விடும். கரையில் கிடந்தவர்களைக் கடைசி அத்தியாயத்தில் வந்து ஏற்றிக்கொள்ளும்.

ஏழு நாள் படகுகளில் நனைந்து விறைத்து எலிபன்ட் தீவை அடைந்தபோது, எல்லோரிலும் இளையவன் என்பதால் முதலில் கரையில் கால் வைக்கும் பெருமை பிளாக்பரோவுக்கே என்று ஷாக்கிள்டன் நினைத்தார். அவனைப் படகின் விளிம்புக்கு மேலாகத் தூக்கி இறக்கினார். பையன் அலைக்குள் பொத்தென்று விழுந்து, எழும்பாமல் அப்படியே இருந்துவிட்டான். குளிரில் அவனுடைய பாதங்கள் விறைத்துச் செத்துப்போயிருந்ததை அவர் அந்தக் கணத்தில் மறந்துபோயிருந்தார். பிடித்து இழுத்துத்தான் அவனைக் கரையேற்றினார்கள்.

பின்னர் 22 பேர், கல்லடுக்கிய சுவரின்மேல் இரண்டு படகுகளைக் கவிழ்த்து, அதற்குள் முடங்கிக் காத்திருந்தார்கள். உணவு கடல்நாய், பென்குயின். விறகும் அவற்றின் கொழுப்பும் தோலும்தான். ஜூன் 15ஆம் திகதி, மருத்துவர் மக்கில்றோய் அந்தக் குடிலுக்குள் பிளாக்பரோவின் இடக்காலின் ஐந்து விரல்களையும் வெட்டி அகற்றினார். மற்ற மருத்துவரான மக்லின் குளோரபோம் கொடுத்தார். குடில் சூடேறாவிட்டால் குளோரபோம் ஆவியாகாது என்பதால், பென்குயின் தோல்களை அடுப்பில் அள்ளித் திணித்து எரித்தார்கள். வெளியே உறைபனி, உள்ளே சட்டையைக் கழற்றும் அளவு வெக்கை. சேர் இதைச் சொன்ன நேரத்தில் மேசைக்குக் கீழிருந்தவன் தன் இடக்காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

தீவில் பொறுப்பாக இருந்த பிராங்க் வைல்ட், கப்பல் இன்றைக்கு வரக்கூடும், உங்கள் படுக்கைகளைச் சுருட்டிக் கட்டுங்கள் என்று நாள்தோறும் காலையில் சொல்வாராம். ஷாக்கிள்டன் மூன்று முறை முயன்று பனியால் திரும்ப நேர்ந்தது. நான்காவது முறை, ஓகஸ்ட் 30ஆம் திகதி, சிலி நாட்டுக் கடற்படையின் லூயிஸ் பார்டோ செலுத்திய யெல்ச்சோ என்ற சிறிய கப்பல் வந்து சேர்ந்தது. படகு போய் 128 நாள் கழிந்திருந்தது. நடக்க முடியாத பிளாக்பரோவை உயரமான ஒரு பாறைக்குத் தூக்கிச் சென்று, படுக்கைப் பையோடு சாய்த்து இருத்தினார்கள், அந்தக் காட்சியை அவனும் பார்க்க வேண்டும் என்பதற்காக.

இலண்டனுக்கு வந்தபின், நூலகங்களில் கிடைத்தவற்றைத் தேடி வாசித்தபோதுதான், சேர் கதையில் எங்கெங்கே கை வைத்திருந்தார் என்பது தெரிந்தது. எங்களுக்குப் பையனின் வயது 13 என்று சொல்லியிருந்தார். உண்மையில் அவன் பதினெட்டை எட்டிய இளைஞன். கண்டத்தின் மறுபுறத்தில் இதே பயணத்துக்காக உணவுக் கிடங்குகள் அமைத்த குழுவில் மூவர் இறந்ததைச் சொல்லவேயில்லை. பூனையையும் மறைத்துவிட்டார். பிளாக்பரோ தன் தோளில் ஒரு பூனையோடு நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. கப்பலின் தச்சர் மக்நீஷுடைய பூனை அது. கப்பலைக் கைவிட்டபின், பனியில் உயிர்தப்பாது என்று சொல்லி, சில நாய்க்குட்டிகளோடு அதையும் சுட்டுவிட்டார்கள். அந்தத் தச்சரே பிறகு ஜேம்ஸ் கெயர்ட் படகைக் கடலுக்கேற்றபடி திருத்தியவர்; இருந்தும் துருவப் பதக்கம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. களவாக ஏறியவனுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

வயதைக் குறைத்ததைச் சேரின் பிழை என்று நான் எண்ணவில்லை; எங்களில் ஒருவனை அலுமாரிக்குள் வைக்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பூனையை மறைத்தவர் கால்விரல்களை ஏன் மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்தது. விரல் போனவன் நியூபோர்டுக்குத் திரும்பி, துறைமுகத்தில் வேலை பார்த்து, 1949 வரை வாழ்ந்தான் என்பதாலாக இருக்கலாம். பூனைக்கு அப்படிச் சொல்ல எதுவும் இல்லை.

2022 மார்ச்சில் ஒரு நாள் இரவு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. தேசப்படம் பிடித்தவன்தான். வெடல் கடலின் அடியில், 3,008 மீற்றர் ஆழத்தில், எண்டூரன்ஸைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும், பின்புறத்தில் பெயரை இன்னும் எழுத்தெழுத்தாக வாசிக்கலாம் என்றும் ஒரே மூச்சில் சொன்னான். கப்பலின் தலைவர் வோர்ஸ்லி 1915இல் குறித்துவைத்த இடத்துக்கு ஏறத்தாழ நான்கு மைல் தெற்கே அது கிடந்ததாக நான் வாசித்திருந்தேன், அதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை, ஏதோ அளந்து பார்ப்பவனைப்போல.

"நாலு மைல் கீழை எண்டாலும், மச்சான், பட்டிக்குள்ளைதான் வரும்" என்றான்.