பாலி நாட்குறிப்பு: கொசு, குரங்கு, ஸ்கூட்டர்

செப்டம்பர் 6

பயண மருத்துவரைப் பார்த்தாயிற்று. ஐந்து வாரம் கையில் இருக்கும்போதே போனதால் எல்லா ஊசிக்கும் நேரம் கிடைத்தது. டைபாய்டு ஊசி வேலை செய்யவே இரண்டு வாரம் ஆகும். ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், அதன் முன்தடுப்புக்கு ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி. மலேரியா மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். பாலியின் சுற்றுலாப் பகுதிகளுக்குத் தேவையில்லையாம்; இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் உள்ள பப்புவா பக்கம் போவதானால் கட்டாயம் வேண்டுமாம். ஒரே நாடுதான், ஊருக்கு ஊர் மருந்து மாறுகிறது.

"நாயைப் பார்த்தா நான் ஒதுங்கிப் போயிடுவேன் சித்தி, எனக்கெதுக்கு ஊசி?" என்றான் அக்கா மகன். 2008இல் பாலியில் பரவிய ரேபிஸ் இன்னும் ஓயவில்லை. நாய் ஒதுங்கிப் போகுமா என்று யார் கேட்டுச் சொல்வது?

அக்டோபர் 11

குட்டா, பாலியின் கடற்கரை ஊர். இறங்கியதும் ஸ்கூட்டர் சண்டை. வாடகைக்கு விடுகிற இடத்தில் உரிமம்கூடக் கேட்கவில்லை, சாவியை நீட்டிவிட்டார்கள். "பாருங்க சித்தி, அவங்களே கேக்கல." இவனிடம் இருப்பது கார் உரிமம் மட்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிள் பிரிவு இல்லாமல் விழுந்தால் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார், ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நம் தலையில். பயணம் போன இடத்தில் தொற்றுநோயில் சாகிறவர்களைவிட விபத்தில் சாகிறவர்கள் பல மடங்கு. நாம் பயப்படுவதோ பாம்புக்கு. கார் அமர்த்திக்கொண்டோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின் சீட்டில் வந்தான்.

அக்டோபர் 12

கடற்கரையில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள். இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்கலாம். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. கொஞ்சம் தள்ளி அலை உடையாமல், கருத்து, அமைதியாகத் தெரிந்த ஓர் இடத்தைக் காட்டி அங்கே போகலாம் என்றான். அதுதான் உள்ளே இழுக்கும் நீரோட்டம். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

அக்டோபர் நடுவில் இங்கே நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலையில். குடையின் நிழல் குடைக்கு நேர் கீழேதான் விழுகிறது. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசு விரட்டி. டெங்கு கொசு பகலில் கடிப்பது. ராத்திரி வலை மட்டும் போதாது.

அக்டோபர் 14

உலுவத்து கோயில். இங்குள்ள குரங்குகள் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, பழம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். முன்னால் போன பயணி ஒருவர் தன் தொப்பியை விடாமல் இழுத்தார். முன்கையில் மூன்று கோடு, மெல்லிய ரத்தம். காகிதத்தால் துடைத்துவிட்டு நடக்கப் பார்த்தார். குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்பு போடவைத்தோம். குரங்கின் கீறலிலும் ரேபிஸ் வரலாம்; பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பையன் கைப்பேசியில் நேரம் பார்த்தான். நான்காவது நிமிடத்திலேயே "போதுமே" என்றார் அவர். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அப்படிக் கழுவும்போதுதான் தெரிகிறது.

அவர் முன்தடுப்பூசி போடாதவர். அப்படியானவர்களுக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரதம் செலுத்த வேண்டியிருக்கும், அது எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. அன்றே கிளினிக்குக்குக் கிளம்பினார். போட்டவர்களுக்கு இன்னும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். திரும்பி வரும்போது காரில் ஊசி பற்றிப் பேச்சே இல்லை.

அக்டோபர் 15

எனக்கு வயிற்றுப்போக்கு. குழாய்த் தண்ணீரைப் பல் துலக்கக்கூடத் தொடவில்லை, எதில் வந்ததோ. ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று, ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. ரத்தமோ காய்ச்சலோ இல்லை. அறையிலேயே கிடந்தேன்.

அக்டோபர் 24

ஊர் திரும்பிய பிறகு பையனுக்குக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. டாக்டரிடம் முதல் வார்த்தையாகப் பாலி என்றேன். ரத்தப் பரிசோதனையில் டெங்கு. பாராசிட்டமால் மட்டும்; ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் தொடவே கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து.

அக்டோபர் 28

காய்ச்சல் விட்டது. இனிதான் கவனம் என்கிறார் டாக்டர்: கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். எதுவும் இல்லை. சிறுநீர் சரியாகப் போகிறது. நாளைக் காலை மறுபடி பிளேட்லெட் எண்ணிக்கை பார்க்க வேண்டும்.