அடுப்புக் கேஸ் இல்லை இது

"கேஸ் தீர்ந்துவிட்டது சார். நிரப்பினால் சரியாகிவிடும்."

என் வீட்டு ஏசியைப் பார்த்துவிட்டு, இரண்டு கோடைகளில் இரண்டு மெக்கானிக்குகள் இதையே சொன்னார்கள். நிரப்பினார்கள், சரியாகவும் ஆனது. பணம் கொடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். சில மாதங்கள்தான். பிறகு இயந்திரம் இரவெல்லாம் ஓடும், அறை மட்டும் குளிராது.

கோடையில் குளிர்விக்கவும் குளிர்காலத்தில் சூடாக்கவும் என் வீட்டில் ஒரே இயந்திரம்தான். உள்ளே ஒரு பெட்டி, வெளிச்சுவரில் ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கச் செப்புக் குழாய்கள். கோடையில் அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டும். குளிர்காலத்தில் ஒரு வால்வு திசையைத் திருப்பிவிட, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வரும். ஆகவே அது படுத்தால் இரண்டு பருவத்துக்கும் சேர்த்துப் படுக்கும். அப்படித்தான் ஒரு குளிர்காலத்தில் 2,000 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி வைத்தேன். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 16 யூனிட். பில் வந்த பிறகுதான் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கம்பிச்சுருள் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். வெப்பத்தை இடம் மாற்றும் இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால், மிதமான குளிரில் அதே மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு தரும். நானோ அதை மூலையில் உட்கார வைத்துவிட்டு ஹீட்டருக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கோடையில் வந்த மூன்றாமவர் ஒரு படி மேலே போனார். வெளிப்பெட்டியின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் போய்விட்டது. மாற்றுகிற செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்" என்றார். கேஸை அழுத்திச் சுற்றவிடும் பகுதிதான் கம்ப்ரஸர். எதை அளந்து சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அனுபவம் என்றார். செலவுக் கணக்கை எழுதித் தரச் சொன்னதும் அவசர வேலை இருப்பதாகக் கிளம்பிவிட்டார். அந்தக் கோபம்தான் என்னை இன்னொருவரைத் தேட வைத்தது.

நான்காவதாக வந்தவர் வயதானவர். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், இதுவரை எத்தனை தடவை கேஸ் ஏற்றினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

"தம்பி, இது என்ன அடுப்புச் சிலிண்டரா, எரிந்து தீர? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்றது. 'கேஸ்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்துப் பழகியதில், தீர்ந்தால் நிரப்ப வேண்டியதுதானே என்று நானும் தலையாட்டியிருக்கிறேன். அதோடு, கசிந்தது வெறும் காற்றல்ல. என் இயந்திரத்தில் வெப்பத்தைச் சுமந்து சுற்றுவது ஆர்-32 என்ற வாயு. புவியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 675 மடங்கு வீரியம் கொண்டது.

அவர் கம்ப்ரஸருக்குப் போகும் மின்சாரத்தை அளந்தார். கோளாறு ஏதும் இல்லை. பிறகு உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மோமீட்டரில் பார்த்தார்: 29 டிகிரி, 24 டிகிரி. ஐந்து டிகிரிதான் குறைந்திருந்தது. வெளிப்பெட்டியில் மெல்லிய குழாய் சேரும் இடத்தில் வெண்பனி படிந்திருந்தது. அதற்குப் பக்கத்து நட்டைச் சுற்றி விரலை ஓட்டி என்னிடம் காட்டினார். கறுத்த பிசுக்கு.

"கேஸ் கசிந்தால் கூடவே கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் வரும். தூசி அதில்தான் ஒட்டும். முன்னால் வந்தவர்கள் பார்க்கவில்லையா?"

பார்த்திருக்க முடியாது. மெக்கானிக் வருகிறார் என்றால் முதல் நாளே பெட்டியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவைப்பது என் வழக்கம். இந்தத் தடவை சோம்பலில் விட்டிருந்தேன்.

மிச்சமிருந்த கேஸைத் தனி உருளையில் சேகரித்துக்கொண்டு, குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி, நட்டின்மேல் சோப்பு நுரையைத் தடவினார். கடுகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. இரண்டு ஆண்டுச் செலவும் அந்தக் குமிழிக்குள் இருந்தது. குழாயின் விரிந்த விளிம்பில் மயிரிழை விரிசல். யாரோ நட்டைத் தேவைக்கு மேல் முறுக்கியிருக்கிறார்கள். அந்தத் துண்டை அறுத்து, புதிதாக விளிம்பு விரித்து, அளவோடு முறுக்கினார். நைட்ரஜன் அழுத்தம் இறங்காமல் நின்றதைப் பார்த்த பிறகு, வாக்குவம் பம்பை ஓடவிட்டுக் குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றினார். கடைசியில் பெட்டியின் தகட்டில் அச்சிட்டிருந்த எடையைப் பார்த்து, தராசில் நிறுத்து அதே அளவு கேஸ் ஏற்றினார். முந்தைய இருவரும் தராசே கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுபடி அளந்தபோது 29, 17. "ஃபில்டரைக் கழுவி எத்தனை மாதம் ஆகிறது?" என்றும் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதப் போவதில்லை.

ஹீட்டர் பரண் ஏறிவிட்டது. பெட்டியை இப்போதும் துடைக்கிறேன், ஆனால் அந்த நட்டை மட்டும் முதலில் வெள்ளைத் துணியால் தொட்டுப் பார்த்துவிட்டு. இதுவரை வெறும் தூசிதான், பிசுக்கு இல்லை.