ஈறின் தடிமன்: கிளினிக் நாட்குறிப்பு

ஜூன் 3
கிளிப் போட வந்த பெண்ணின் கீழ் முன்பற்களில் ஈறு மெலிந்திருப்பதுபோல் பட்டது. கண்ணை மட்டும் நம்பிச் சொல்லிவிடக் கூடாது. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள இடுக்கில் புரோபை, அதாவது ஆழம் அளக்கும் மெல்லிய உலோகக் கருவியை, மெதுவாக நுழைத்தேன். உலோகத்தின் சாயல் ஈறு வழியே தெரிந்தது. அப்படித் தெரிந்தால் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம்; ஈறு நோய்கள் குறித்த 2017 உலகப் பயிலரங்கின் வகைப்பாடும் இதே கோட்டைத்தான் வைத்திருக்கிறது. ஒரு நிமிட வேலை, வலி கிடையாது. இவருக்குப் பல்லை வெளிப்பக்கம் நகர்த்தும் திட்டம். மெல்லிய ஈறும் அடியில் மெல்லிய எலும்புமாக இருந்தால் ஈறு இறங்கி வேர் தெரியக்கூடும்.

ஜூன் 5
இன்னொருவருக்கு ஈறு நல்ல கருமை. புரோபின் சாயல் தெரிகிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. சரி, குத்தித்தான் அளக்க வேண்டும். வேர் சிகிச்சைக்கான ஊசி போன்ற மெல்லிய ஃபைலில் ரப்பர் ஸ்டாப்பரை மாட்டி, ஈறின் விளிம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளிச் செங்குத்தாக, கெட்டியாகத் தட்டும்வரை இறக்கினேன். ஸ்டாப்பரை ஈறின்மேல் பட்டும்படாமல் நிறுத்தி, வெளியே எடுத்து, டிஜிட்டல் காலிப்பரில் வைத்தால் 1.4 மி.மீ. ஸ்டாப்பரை அழுத்தினால் ஈறு அமுங்கி அளவு குறையும். மரத்துப்போகும் ஊசியை அதே இடத்தில் போட்டால் உப்பிக்கொண்டு கூடும். அதனால் மேற்பூச்சு மருந்தே போதுமென்று விட்டேன். சின்ன விஷயம்தான், ஆனால் பேச்சே அரை மி.மீ. பற்றியது அல்லவா!

ஜூன் 9
முதல் பெண்ணுக்குச் சி.பி.சி.டி. (முப்பரிமாண எக்ஸ்ரே) எடுத்தார்கள், எலும்பைப் பார்ப்பதற்காக. ஈறுக்காக மட்டும் கதிர்வீச்சு கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். எடுப்பதே எடுக்கிறார்கள், உதட்டை விலக்கிப் பிடித்து எடுக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் உதடு ஈறோடு ஒட்டி, எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. எலும்பும் ஈறும் ஒரே படத்தில் கிடைத்தன. இரண்டுமே மெலிவு.

ஜூன் 10
அல்ட்ராசவுண்ட் கருவியைப் பழகிப் பார்த்தேன். வலியும் இல்லை, கதிரும் இல்லை. ஆனால் முனையை அதே இடத்தில், அதே கோணத்தில் மறுபடி வைப்பது சிரமம். கடைவாய்ப் பக்கம் இன்னும் கஷ்டம்.

ஜூன் 14
முதல் பெண்ணுக்குப் பற்களை நகர்த்தும் முன் ஈறைத் தடிப்பாக்குவது என்று முடிவானது. அண்ணத்திலிருந்துதான் திசு எடுக்க வேண்டும், அதனால் அங்கேயும் ஓர் அளவு தேவை. கோரைப்பல்லுக்கும் முன்கடைவாய்ப் பற்களுக்கும் நேரே பார்க்கப்போகிறேன்; முதல் கடைவாய்ப் பல்லின் அண்ணப் பக்க வேர் அருகே பெரும்பாலும் மெலிந்திருக்கும்.