சின்னத் தட்டு

12 ஜூன் 2025, வியாழன்

மதியக் கூட்டம் கலைந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் அக்கா மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். "மாமா, சனிக்கிழமை சாயங்காலம் மெஸ்ஸை அத்தைகிட்ட விட்டுட்டு வாங்க. அந்தப் பெரிய ரெஸ்டாரண்டுக்குப் போகலாம்."

ரொம்ப நாளாக நான் ஆசைப்பட்ட இடம். மாடியில் சாப்பிட ஆளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஆகும், அதனால் பேச்சோடு நின்றுவிட்டது. இப்போது அவர்களே கீழ்த்தளத்தில் தபாஸ் என்கிற ஸ்பெயின் நாட்டுச் சின்னத் தட்டு உணவும் ஒயினும் மட்டும் தரும் சின்ன பார் வைத்திருக்கிறார்களாம். ஒரு தட்டு முந்நூறு, நானூறு. சமையற்கட்டு இரண்டுக்கும் ஒன்றுதான் என்றாள். அதுதான் என்னை இழுத்தது.

15 ஜூன், ஞாயிறு

நேற்று இரவு கடைசி பஸ்ஸில் வந்தேன். தூங்கி எழுந்ததும் மறப்பதற்குள் எழுதுகிறேன்.

அடுப்பைப் பார்த்த மாதிரி உயரமான நாற்காலி கிடைத்தது. இருபது வருடமாகக் கரண்டி பிடிப்பவனுக்கு இதைவிட நல்ல இடம் எது? மேசை விரிப்பு கிடையாது, பரிமாறுபவர் பக்கத்தில் நிற்பதில்லை, தண்ணீரை நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். விலை குறைந்தது அங்கேதான். சமையலில் அவர்கள் எதையும் குறைக்கவில்லை.

முதலில் இறால். ஸ்பெயினில் இதற்கு காம்பாஸ் அல் அஹீயோ என்று பெயர். சின்ன மண்சட்டியில் ஆலிவ் எண்ணெய் கொதித்துக்கொண்டே வந்தது. எட்டு இறால், பூண்டு, காய்ந்த மிளகாய், உப்பு, அவ்வளவுதான். பூண்டை நசுக்காமல் காகிதம் போலச் சீவியிருந்தார்கள். இளஞ்சூட்டில் போட்டு, பொன்னிறம் வரும் முன்பே இறாலைச் சேர்த்ததைக் கண்ணால் பார்த்தேன். கருகவில்லை, கசக்கவில்லை. மிச்ச எண்ணெயை ரொட்டியால் துடைத்துத் தின்றோம். நாங்கள் பூண்டை எப்படியெல்லாம் பாழாக்குகிறோம் என்று மனசு கணக்குப் போட்டது.

அடுத்து வந்த தக்காளி ரொட்டி ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதி உணவு. சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, பழுத்த தக்காளியைப் பாதியாக வெட்டி அதையும் தேய்த்து, மேலே எண்ணெய், உப்பு. இதில் ஒளிய இடமே இல்லை. தக்காளி நன்றாக இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. ராயக்கோட்டைச் சந்தைத் தக்காளியை வாரத்துக்கு மூன்று கூடை வாங்குகிறவன் நான். அதைப் புளியோடு கரைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்து பார்த்ததில்லை.

குரோக்கெட் என்கிற பொரித்த உருண்டை மட்டும் சரியில்லை. வெளியே மொறுமொறு, நடுவில் சில்லென்று இருந்தது. சொன்னதும் மாற்றித் தந்தார்கள்.

ஒயின் ஒரே ஒரு கிளாஸ், ஃபீனோ. ஸ்பெயினின் தெற்கே ஹெரேஸ் ஊர்ப்பக்கம் செய்வது. பீப்பாயில் ஒயினின் மேல் ஈஸ்ட் ஏடு படிந்து காற்றுப் படாமல் காக்குமாம். இனிப்பே இல்லை. முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை. உப்பு போட்ட பாதாமோடு குடித்தபோதுதான் புரிந்தது. 'தபா' என்றால் மூடி. ஈ விழாமல் இருக்கக் கிளாஸின் மேல் ரொட்டித் துண்டையோ இறைச்சியையோ வைத்ததில் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. ஸ்பெயினின் கிரனாடா ஊரில் இன்றைக்கும் பானம் வாங்கினால் ஒரு சின்னத் தட்டு சும்மாவே வரும்.

இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டாயிரத்து எழுநூறு. பில்லை அவள்தான் கொடுத்தாள், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சூளகிரி தாண்டும் வரை தூக்கம் வரவில்லை. பணம் குறைவாக இருப்பவனுக்கும் அந்தச் சமையல்காரரின் முழுக் கைப்பக்குவம் கிடைக்க, தட்டு சின்னதானால் போதும்.

17 ஜூன், செவ்வாய்

உருளைக்கிழங்கு தோர்ட்டியா, அதாவது ஸ்பெயின்காரர்களின் தடித்த முட்டை அடை, செய்து பார்த்தேன். கிழங்கை முறுகலாக வறுக்காமல் எண்ணெயிலேயே மெதுவாக வேக விட வேண்டும், அப்புறம்தான் முட்டை. தட்டை மேலே கவிழ்த்துத் திருப்பும்போது பாதி அடுப்பில் விழுந்தது. மீதியை என் மனைவி சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குங்க, ஆனா இங்க யாரு கேப்பாங்க?" என்றாள். நியாயமான கேள்வி. ஸ்பெயினை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் மீன் வறுவலை ஒரு துண்டு, இரண்டு துண்டு என்று நின்றுகொண்டே சாப்பிடும் ஊர் இது.

22 ஜூன், ஞாயிறு

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பலகையில் எழுதினேன்: தட்டு நாற்பது ரூபாய். அணை ஜிலேபி மீன் ஒரு துண்டு, கடலை எண்ணெயில், சீவின பூண்டோடு. கொள்ளுச் சுண்டல். பெங்களூரா மாங்காய்க் கீற்று, மிளகாய் உப்பு. தோசைக்கல்லில் சுட்ட ரொட்டியில் தேய்த்த ராயக்கோட்டைத் தக்காளி.

ஆறரை வரைக்கும் யாரும் தக்காளி ரொட்டியைத் தொடவில்லை. அப்புறம் ஓசூருக்கு லோடு ஏற்றிப் போகும் டிரைவர் ஒருவர் மீனோடு அதையும் வாங்கினார். நின்றபடியே தின்றார். மீன் தட்டில் மிஞ்சிய எண்ணெயை ரொட்டியால் துடைத்தார், நான் சொல்லிக் கொடுக்காமலே.

"அண்ணே, இந்த ரொட்டி இன்னும் ரெண்டு போடுங்க. வண்டியில பையன் இருக்கான்."