ஏஜென்டின் மின்னஞ்சலில் உறங்கிய ஆய்வறிக்கை

சேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. புதிதாக எதைச் செய்து விற்றாலும், அதில் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்து, அச்சு அசலாக அடித்துக் குறைந்த விலைக்கு விற்க ஆள் இருக்கும் தொழில் இது. ஆகவே மரவள்ளிக் கிழங்கின் தோலை உரிக்கும் எங்கள் இயந்திரத்தை வெளியே அனுப்புவதற்கு முன்பே காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பித்துவிட்டோம். சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவுச் சான்றிதழ் இருந்ததால் 8,000 ரூபாய்க்குப் பதில் 1,600 ரூபாயே விண்ணப்பக் கட்டணம்; விரைவு ஆய்வு கோரும் 18ஏ படிவத்துக்கும் அதே சான்றிதழ் போதுமானதாக இருந்தது.

எங்களை அலைக்கழித்தவர் எங்களுக்காக விண்ணப்பத்தைக் கையாண்ட காப்புரிமை ஏஜென்ட்தான். கேட்கும்போதெல்லாம் "இன்னும் ஒன்றும் வரவில்லை" என்றார். சந்தேகப்பட்டுக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தால், அலுவலகத்தின் ஆட்சேபணைகள் அடங்கிய முதல் ஆய்வறிக்கை எப்போதோ அவருடைய மின்னஞ்சலுக்குப் போய்விட்டிருந்தது. பதிலளிப்பதற்கான ஆறு மாதக் கெடு முடியச் சில நாட்களே மிச்சமிருந்தன. கெடு தவறியிருந்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்பட்டிருக்கும். படிவம் 4 கொடுத்து நீட்டிப்பு வாங்கினோம். அதற்கான கட்டணமும் எங்கள் தலையில்தான் விழுந்தது. விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் இருக்கட்டும். நிலவரத்தை நீங்களே பாருங்கள்.

எங்கள் இயந்திரத்தில் உள்ள, ஸ்பிரிங்கில் பொருத்திய கத்தியும் தண்ணீர்ப் பீச்சும் முன்பே உள்ளவை, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது கண்டுபிடிப்பு ஆகாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவை அறிக்கையில் காட்டியிருந்தார், விண்ணப்பத்தை ஆய்வு செய்த அலுவலகத் தேர்வாளர். கத்திக்குப் பின்னால் தோல் அடைத்தால் ஸ்பிரிங் இறுகிக் கிழங்கின் சதையையும் சீவிவிடும், தண்ணீர் அதைக் கழுவினால்தான் ஸ்பிரிங் வேலை செய்யும் என்பதை, தண்ணீரோடும் தண்ணீரில்லாமலும் உரித்த தோலை எடைபோட்டுக் காட்டி நிரூபித்தோம். வெறும் வாதத்தை விட எடைக்கணக்குக்கு மதிப்பு அதிகம்.

அறிக்கை சுட்டியிருந்த பழைய வெளிநாட்டு ஆவணத்தை வரிவரியாகப் படித்தபோதுதான் எதிர்பாராத லாபம் கிடைத்தது. அதிலிருந்த உருளைச் சரிவு எங்களுக்குத் தோன்றாத ஒன்று. அந்தக் காப்புரிமை இந்தியாவில் பெறப்படாததால் இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். அடுத்த இயந்திரத்தில் அந்தச் சரிவையே வைத்தோம். அடைப்பு வெகுவாகக் குறைந்தது. போட்டியாளர் நம் இயந்திரத்தைப் பிரித்துக் கற்கிறார் என்றால், நாம் உலகத்துக் காப்புரிமை ஆவணங்களைப் பிரித்துக் கற்கலாம். அதற்குச் செலவும் இல்லை; இந்தியாவில் காப்புரிமை பெறப்படாதவற்றைப் பயன்படுத்தினால் வழக்கும் இல்லை.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நகல் எடுப்பவர் மீது வழக்குத் தொடர முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். காப்புரிமை வழங்கப்பட்ட பிறகே அது முடியும். எங்களுக்கு வழங்கப்பட்டுவிட்டது. புதுப்பிப்புக் கட்டணத்துக்கான நினைவூட்டலை மட்டும் அதே ஏஜென்ட் ஒரு நாளும் தாமதிக்காமல் அனுப்பி வைக்கிறார்.